மூன்று நாளில் பயிற்றுநர் ஆகலாமா?

ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அண்மையில் தம் தாயாருடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். வடக்குப்பட்டில் வாடகை வீடு, வாரந்தோறும் மாறும் ஷிப்ட், பல மாதங்களாகச் சரியான தூக்கமில்லை. மருந்துச்சீட்டை எழுதி முடித்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார். மூளை அறிவியல் வழியில் வாழ்க்கைப் பயிற்றுநர் ஆகலாம், மூன்று நாள் வகுப்பு, சான்றிதழ் உண்டு என்று அதில் அச்சிட்டிருந்தது. வேலையை விட்டுவிட்டு இதில் சேரலாமா என்பது அவருடைய கேள்வி.

"இவனுக்கு நீங்களே புத்தி சொல்லுங்க டாக்டர்" என்றார் தாயார்.

"குகேஷுக்குக்கூட ஒரு கோச் இருந்தாரே டாக்டர்" என்றார் மகன்.

அன்று ஐந்து நிமிடத்தில் சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன்.

மகன் சொன்னது உண்மையே. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்ற சென்னையின் டி. குகேஷுக்கு மனத்திறன் பயிற்சி அளித்தவர் பேடி அப்டன். 2011இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியுடனும் பணியாற்றியவர். குகேஷ் அந்தப் போட்டியில் முதல் ஆட்டத்திலும் 12ஆவது ஆட்டத்திலும் தோற்றார். தோற்ற பின் கலங்காமல் மீண்டும் பலகையின் முன் அமர்வது தனித்திறன். அதை வளர்க்கத் துணை நிற்பதே பயிற்றுநரின் தொழில். ஆனால் அப்டன் 1990களிலேயே தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளராக இருந்தவர். மூன்று நாள் வகுப்பில் உருவானவர் அல்லர்.

இனி, விளம்பரத் தாளில் இருந்த 'மூளை அறிவியல்' பற்றி. பயிற்சியால் மூளை மாறும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. லண்டன் டாக்சி ஓட்டுநராக உரிமம் பெற, அந்நகரின் பல்லாயிரம் தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வில் வெல்ல வேண்டும். அதற்காகப் படித்த 79 பேரை எலினார் மகுவயர் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். தேர்ச்சி பெற்ற 39 பேரின் மூளையில், இடங்களை நினைவில் கொள்ள உதவும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்தது. தேர்ச்சி பெறாதவர்களிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. அந்தப் படிப்புக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

'21 நாளில் புதிய பழக்கம்' என்ற வாசகமும் அத்தாளில் இருந்தது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் ஒட்டறுவை மருத்துவர், மாற்றியமைத்த முகத்துக்குத் தம் நோயாளிகள் பழகிக்கொள்ள ஏறத்தாழ 21 நாள் ஆவதாக 1960இல் எழுதினார். அந்த எண் எப்படியோ எல்லாப் பழக்கங்களுக்கும் உரியதாகிவிட்டது. பின்னாளில் லண்டனில் 96 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பழக்கம் படிய ஒருவருக்கு 18 நாளும் மற்றொருவருக்கு 254 நாளும் தேவைப்படலாம் எனத் தெரிந்தது. நடுவான அளவு 66 நாள். மூன்றாவது வாரத்தில் நடைப்பயிற்சியை விட்டுவிட்டுத் தம்மையே நொந்துகொள்வோர் இதை நினைவில் வைக்கலாம்.

இத்தகைய கூற்றுகளை நாம் ஏன் எளிதில் நம்புகிறோம்? யேல் பல்கலைக்கழகத்தில் டீனா வைஸ்பெர்க் குழுவினர் 2008இல் இதையே சோதித்தனர். தரமற்ற விளக்கம் ஒன்றுடன் தொடர்பில்லாத மூளைச் செய்தியைச் சேர்த்தபோது, துறை சாராதவர்களுக்கு அது நல்ல விளக்கமாகத் தோன்றியது. மூளைப் படம் அச்சிட்ட தாளைக் கண்டால் சற்று எச்சரிக்கையாக இருப்பது நலம்.

உண்மையில், நல்ல பயிற்றுநருக்குப் பெரிதும் உதவுவது மூளைப் படத்தைவிட உளவியலே. நம் பகுதிக்கு மிகவும் பொருந்தும் சான்று, சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு. தென்கிழக்கு இந்தியாவில் பணிபுரியும், நீரிழிவின் விளிம்பில் இருந்த 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 537 ஆண்கள் அதில் பங்கேற்றனர். அனைவருக்கும் உணவு, உடற்பயிற்சி குறித்த அறிவுரை வழங்கப்பட்டது. ஒரு பாதியினருக்கு மட்டும் கைப்பேசியில் குறுஞ்செய்திகளும் சென்றன. ஒருவர் மாற்றத்தைப் பற்றி எண்ணத் தொடங்கிய நிலையில் இருக்கிறாரா, செயலில் இறங்கிவிட்டாரா என்பதற்கேற்பச் செய்திகள் அமைந்தன. இரண்டாண்டு முடிவில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. ஒருவர் நிற்கும் இடம் அறிந்து, அவருக்கு ஏற்ற சொல்லை ஏற்ற நேரத்தில் சொல்வதன் பயன் இது. மருத்துவர்களாகிய நாங்களும் இதை இன்னும் நன்றாகக் கற்க வேண்டும்.

பயிற்றுநர் தொழிலுக்கு நம் நாட்டில் தனி உரிமம் கிடையாது. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பயிற்றுநர் என்று பலகை மாட்டிக்கொள்ள எவருக்கும் தடையில்லை. 1995இல் தொடங்கிய பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு தானே வகுத்த நெறிகளின்படி சான்று வழங்குகிறது. அதன் தொடக்கநிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் பயிற்சியும், பிறருக்குப் பயிற்சி அளித்த 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அடுத்த நிலைக்கு 500 மணி நேர அனுபவம். வேலையில் இருந்துகொண்டே மாலை நேரங்களில் இதைத் தொடங்க இயலும் என்றே அந்த இளைஞரிடம் கூறினேன். இரவுப் பணி வாரத்தில் வேலையை விடும் முடிவை எடுக்க வேண்டாம் என்றும் கூறினேன். தூக்கம் இழந்த மூளையில் அச்சமும் ஆவேசமும் ஓங்கும். அவற்றை நிதானப்படுத்தும் முன்பகுதியின் பிடி தளரும்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மனச்சோர்வு நோயை ஊக்கக் குறைவு என்று எண்ணிப் பயிற்றுநரிடம் மாதக்கணக்கில் கட்டணம் செலுத்திய பின் எங்களிடம் வருவோர் உண்டு. நேர்மறையாக எண்ண முடியாததும் தம் குற்றமே என்று அவர்கள் நம்பத் தொடங்கியிருப்பார்கள். அங்கிருந்து அவர்களை மீட்க அதிக நாளாகிறது. நல்ல பயிற்றுநர் இந்த எல்லையை அறிந்து உரிய நேரத்தில் மருத்துவரிடம் அனுப்புவார். 'எந்நிலையில் என்னை மருத்துவரிடம் அனுப்புவீர்கள்?' என்று முதல் நாளே கேளுங்கள். விடை தெளிவாக வராவிட்டால் பணம் கட்ட வேண்டாம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கமோ பசியோ கெடுதல் ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. உயிரை விடும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் இரவிலும் பகலிலும் தமிழில் பேசலாம்.