கோடைக்கானல்ல கேம் சோன் ஆரம்பிக்கிறீங்களா? அட்வான்ஸுக்கு முன்னாடி பார்க்கிங் கணக்கைப் போடுங்க

நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து, ஆளுக்கு அஞ்சு லட்சம் சேமிப்பைப் போட்டு, மீதிக்கு லோன் வாங்கி, கோடைக்கானல்ல பௌலிங், விஆர், டிராம்போலின்னு ஒரு இண்டோர் கேம் சோன் ஆரம்பிக்கிறது இப்போ நிறைய பேருக்கு இருக்கிற ஐடியா. எக்செல்ல வாடகை, மெஷின், சம்பளம், இஎம்ஐ எல்லாம் இருக்கும். பார்க்கிங்குக்கு மட்டும் வரி இருக்காது.

கணக்கு இப்படித்தான் போடணும். 6,000 சதுர அடி இடம், ஒரே நேரத்துல 80 பேர் விளையாடலாம்னு வெச்சுக்கோங்க. 48 பேர் கார்ல வர்றாங்க, காருக்கு நாலு பேர், ஆக 12 கார். 20 பேர் ரெண்டு டெம்போ டிராவலர்ல. ஒரு வேன் ரெண்டு கார் இடத்தை அடைக்கும், அது 4. மீதி 12 பேர் பைக்குலயோ, பக்கத்து ஹோட்டல்ல இருந்து நடந்தோ வருவாங்க. மொத்தம் 16 கார் இடம். ஆனா அடுத்த பேட்ச் வரும்போது முதல் பேட்ச் இன்னும் கிளம்பியிருக்காது. அதுக்கு 25% சேர்த்தா 20.

ஊர்ல மழை பெய்யற நாளை இதுல மறந்துடாதீங்க. ஏரியில போட்டிங் நின்னா, கோக்கர்ஸ் வாக் மூடுபனியில மறைஞ்சா, எல்லாரும் கூரை இருக்கிற இடத்தைத் தேடி ஒரே நேரத்துல வருவாங்க. வந்தவங்களும் சீக்கிரம் கிளம்ப மாட்டாங்க. உங்க பிசினஸுக்கு நல்ல நாளே பார்க்கிங்குக்கு மோசமான நாள்.

இப்போ நிலம். கார் நிக்கற இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர்தான். ஆனா உள்ள வர, திரும்ப, வெளிய போக வழி வேணுமே. டெல்லி மாஸ்டர் பிளான் திறந்தவெளியில ஒரு காருக்கு 23 சதுர மீட்டர்னு எடுத்துக்குது. 20 காருக்கு 460 சதுர மீட்டர், அதாவது 11 சென்ட்டுக்கு மேல. கிட்டத்தட்ட 4,950 சதுர அடி! விளையாடற இடத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. அதுவும் சமதளத்துக்கான கணக்கு. மலைச்சரிவுல தடுப்புச்சுவர் செலவு தனி.

இந்த நிலத்துக்கு மாசம் 40,000 ரூபாய் வாடகைன்னா (என் அனுமானம்தான், உங்க ரேட்டைப் போட்டுக்கோங்க) ஒரு கார் இடத்துக்கு 2,000. "எட்டு கார் நின்னாப் போதும் சார்"னு ஓனர் சொல்வார். வார நாள்ல போதும். 20 கார் நாள் பூரா பிரிஞ்சு வரும். சனி, ஞாயிறுல ஒரு இடத்துல மூணு கார் மாறி மாறி நின்னா, 20 இடத்துக்கு 60 கார், 8 இடத்துக்கு 24. வித்தியாசம் 36 கார். காருக்கு 1,200 ரூபாய் பில்னா, மாசத்துல எட்டு நாளுக்கு 3,45,600 ரூபாய். பாதிப்பேர் எங்கயோ நிறுத்திட்டு வந்துட்டாங்கன்னாலும் 1.7 லட்சம் போச்சு. மிச்சம் பிடிச்ச வாடகை 24,000. இஎம்ஐ கட்ட முடியாமப் போறது இந்த இடைவெளியிலதான்.

அதுக்காக மே மாச ஞாயிற்றுக்கிழமைக்குத் தகுந்த மாதிரி நிரந்தரமா நிலம் எடுக்காதீங்க. உச்ச நாளை வெச்சுக் கட்டின பார்க்கிங் மத்த நாள்ல காலியாக் கிடக்கும்னு டொனால்ட் ஷூப் 2005-லயே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். சாதாரண சனிக்கிழமைக்கு நிரந்தரமா எடுங்க. ஏப்ரல், மே மட்டும் பக்கத்து காலி இடத்தை வாடகைக்குப் பேசுங்க. ஸ்லாட் புக்கிங் வெச்சா அந்த 25% குறையும்.

இன்னொரு பக்கமும் பாருங்க. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல்ல சீசனுக்கு வார நாள்ல 4,000, வார இறுதியில 6,000 வாகனம்னு உச்சவரம்பும் வந்தது. உங்க எக்செல் தினம் 200 கார்னு சொன்னா, வார இறுதியிலயே ஊருக்குள்ள வர்ற முப்பது வண்டியில ஒண்ணு உங்ககிட்ட வரணும். நம்பறீங்களா? எனக்குக் கஷ்டம்தான்.

சட்டம் கேட்கிற எண்ணிக்கை வேற. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ல கட்டடத்தோட பயன்பாட்டைப் பொறுத்து பார்க்கிங் அட்டவணை இருக்கு. வீடுன்னு அப்ரூவல் வாங்கின கட்டடத்துல கேம் சோன் போட்டா கணக்கே மாறிடும். கோடைக்கானலுக்கு 1993 மாஸ்டர் பிளானும் உண்டு. அனுமதி மீறிய பல கட்டடங்களுக்கு 2019-ல நீதிமன்ற உத்தரவுப்படி நகராட்சி சீல் வெச்ச ஊர் இது. சீல் வெச்சா ஓனருக்கு வாடகை போகும், உங்களுக்கு முதலே போகும்.

அதனால அப்ரூவ்டு பிளான் காப்பியைக் கேளுங்க. அதுல பார்க்கிங்னு போட்டிருக்கிற இடம் இப்போ கடையாவோ குடோனாவோ இருக்கான்னு நேர்ல போய் டேப் வெச்சு அளங்க. அனுமதி கிடைக்கலைன்னா அட்வான்ஸ் முழுசாத் திரும்பணும், லாக்-இன் பொருந்தாதுன்னு அக்ரிமென்ட்ல எழுதி வாங்குங்க. நீங்க ரெகுலர் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து, நில ஓனர் பதிவு எடுக்காதவரா இருந்தா, 2024 அக்டோபர் 10-ல இருந்து அந்த வாடகைக்கு 18% வரியை நீங்கதான் கட்டணும். கிரெடிட் எடுத்துக்கலாம், ஆனா முதல்ல கையில இருந்து பணமாப் போகும். 40,000-க்கு மாசம் 7,200. அதையும் எக்செல்ல சேர்த்துடுங்க.