செய்தி அறிதலும் செய்தி தெளிதலும்

சென்னையில் 1878ஆம் ஆண்டு ‘தி இந்து’வும், 1882ஆம் ஆண்டு ‘சுதேசமித்திர’னும் வார இதழ்களாகவே தோன்றின. ஓர் இதழைப் படித்து, அடுத்த இதழ் வரும்வரை அதனைச் சிந்திக்க அன்றைய வாசகர்க்கு நேரம் இருந்தது. இன்றோ நொடிக்கொரு செய்தி நம் கைப்பேசியில் வந்து விழுகிறது. செய்தியை அறிதல் எளிதாகிவிட்டது, தெளிதல்தான் அரிதாகிவிட்டது. இணையத்தில் நல்ல செய்தியைக் கண்டு தெளிவது எங்ஙனம் என்பதை இங்குக் காண்போம்.

2023 மார்ச்சுத் திங்களில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் எனச் சில காணொளிகள் பரவின. அவற்றுள் ஒன்றை விடுதியில் உணவு வேளையில் நண்பர் ஒருவர் காட்டினார். நானும் மெய்யென நம்பி இருவருக்கு அனுப்பினேன். பின்னர்த் தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநர் விளக்கம் அளித்தார். ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் இரு குழுவினராகத் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்வாசிகளுக்குள் நடந்த சண்டை. இரண்டும் முன்னரே நடந்தவை. பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து விசாரித்தது. ஆயினும், பிழைக்க வந்தவர் உள்ளத்தில் அச்சம் புகுந்துவிட்டதே! மறுப்பை அவ்விருவர்க்கும் அனுப்பினேன். அவர்கள் அதற்குள் யார் யாருக்கு அனுப்பியிருந்தனரோ, அறியேன்.

பொய் முந்திக்கொள்வது ஏன்? மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் மூவர், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். பொய்ச்செய்தி மறுபடியும் பகிரப்படும் வாய்ப்பு, மெய்ச்செய்தியைவிட 70 விழுக்காடு மிகுதி. 1,500 பேரைச் சென்றடைய மெய்க்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதரே என்றும் அவர்கள் கண்டனர். பொய் புதுமையாக இருக்கிறது. வியப்பையும் வெறுப்பையும் கிளறுகிறது. ஆகவே, ஒரு செய்தி நம்மைச் சினமூட்டும் அக்கணமே நாம் விழிப்பாயிருக்க வேண்டிய கணம்.

படித்தவர் ஏமாறார் என்று கருதவேண்டா. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2017இல் வரலாற்று அறிஞர் 10 பேர், செய்தி சரிபார்ப்போர் 10 பேர், மாணவர் 25 பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்துச் சோதித்தனர். அறிஞருள்ளும் மாணவருள்ளும் பலர் பக்கத்தின் தோற்றத்திலும் பெயரிலும் மயங்கினர். சரிபார்ப்போரோ அப்பக்கத்தை விட்டு உடனே வெளியேறி, அதனை நடத்துவோர் யார், பிறர் அவரைப் பற்றி என்ன சொல்கின்றனர் என்று தேடி, விரைவில் உண்மையைக் கண்டனர். பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் நம் ஊர் வழக்கம்தான் இது!

நல்ல செய்திக்குச் சில அடையாளங்கள் உண்டு. எங்கே, எப்போது, யார் சொன்னது என்பவை அதில் தெளிவாக இருக்கும். நான் அனுப்பிய காணொளியில் இம்மூன்றும் இல்லை. நடந்ததையும் அதன்மீதான கருத்தையும் அது வேறுபடுத்திக் காட்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் மறுமொழியையும் கேட்டிருக்கும். தவறு நேர்ந்தால் ஒளிக்காமல் திருத்தம் வெளியிடும். ‘தி இந்து’ நாளிதழ் 2006இல் இதற்கெனவே வாசகர் ஆசிரியர் ஒருவரை அமர்த்தியது. சட்ட முன்வடிவு ஒன்றைப் பற்றிய செய்தியெனில் மூலத்தையே நாடலாம். நாடாளுமன்ற இணையதளத்தில் அவை நடவடிக்கைகளும், 2005இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் முன்வடிவுகளின் சுருக்கமும் கிடைக்கின்றன.

இனி விவாதம். நம் கருத்தையே எதிரொலிப்போரிடம் பேசுவது விவாதம் ஆகாது. நமக்கு மாறான நிலையிலுள்ள தரமான இதழ் ஒன்றையும் நாள்தோறும் படித்தல் வேண்டும். எதிர்த்தரப்பின் வாதத்தை, அத்தரப்பினரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைத்த பிறகே மறுத்தல் வேண்டும். நம் கல்லூரியில் வாரம் ஒரு செய்தியை எடுத்து, இரண்டு மூன்று இதழ்களின் பக்கங்களை அருகருகே வைத்துப் பேராசிரியர் முன்னிலையில் பேசினால் என்ன? பொருளியல் மாணவரும் வரலாற்று மாணவரும் ஒரே செய்தியில் வெவ்வேறு வினாக்களை எழுப்புவர், அனைவரும் பயன்பெறுவர்.

நண்பர்களே! அனுப்புவதற்கு ஒரு நொடி போதும். ஆராய்வதற்கு ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை அன்றிரவு நான் செலவிடவில்லை. நீங்கள் செலவிடுங்கள்.