வேலிப் பொட்டு

யாழ்ப்பாணத்தவர்க்கு வேலிச் சண்டை இன்னதென விளக்க வேண்டியதில்லை. பூவரசையும் கிளுவையையும் கதியாலாக நட்டுக் கிடுகால் அடைக்கும் வேலி, புதுப்பிக்கப்படுந்தோறும் விரலளவு அங்கோ இங்கோ நகர்வது இயல்பு. விரல் சாணாகும்; சாண் முழமாகும்; முழம் வழக்காகும். எமது வளவுக்கும் தமையனாரின் வளவுக்கும் இடையில் நிகழ்ந்ததும் இதுவே.

அவ்வேலியில் முன்னர் ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து செல்லத்தக்க அவ்விடைவெளியால் எம் அன்னையார் கறிச்சட்டியுடன் போய்வருவார். பிள்ளைகள் நாள் முழுதும் ஓடித்திரிவர். அன்னையார் மறைந்தபின் எல்லை பற்றிய பேச்சு எழுந்தது. உறுதிகளை எடுத்துப் பார்த்தோம்; நில அளவையாளரை அழைத்தோம்; ஈற்றில் ஒருவரோடொருவர் பேசுவதே நின்றுபோயிற்று. பொட்டை எம் கையாலேயே அடைத்தோம்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. இருவரும் ஞாயிறுதோறும் ஒரே தேவாலயத்துக்கே சென்றோம். ஒரே வேதாகமத்தை வாசித்தோம். வீட்டில் குடும்ப ஜெபமும் தவறவில்லை. இதில் ஒரு முரண்பாடு உண்டென்று எமக்குத் தோன்றவேயில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது யாழ்ப்பாணமும் அதன் ஆதீனங்களுள் ஒன்றாயிற்று. 1950இல் அச்சபை வகுத்த திருவிருந்து ஆராதனை முறையில், காணிக்கை படைக்குமுன் சமாதான வாழ்த்து இடம்பெறுகின்றது. குருவானவர் தொடங்கிவைக்க, ஒருவர் கையை ஒருவர் பற்ற, வரிசை வரிசையாக அவ்வாழ்த்துச் சபை முழுவதும் செல்லும். ஒரு ஞாயிறு, வழக்கமான இடம் கிடையாமையால் தமையனாருக்கு நேர் பின்னே அமர நேரிட்டது. வாழ்த்து அவரிடம் வந்தது. அவர் திரும்பினார், எம்மைக் கண்டார், ஒரு கணம் தயங்கினார். நாமோ ஜெபப் புத்தகத்தில் எதையோ தேடுபவர்போலத் தலைகுனிந்தோம். வாழ்த்து எம்மை விலக்கிச் சென்றது.

வீடு திரும்பியதும் மத்தேயு சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். 23ஆம், 24ஆம் வசனங்கள் ஞாயிறு பாடசாலையில் மனனஞ் செய்தவையே. காணிக்கையுடன் பலிபீடத்தை அணுகியவன், தன்மேல் தன் சகோதரனுக்குக் குறையுண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுச் சென்று முதலில் அவனோடு ஒப்புரவாகுதல் வேண்டும் என்பது அவற்றின் கருத்து.

அன்று இரண்டு செய்திகள் புலனாயின. முதலாவது, உனக்குச் சகோதரன்மேல் குறையுண்டா என்று இயேசு கேட்கவில்லை. அவனுக்கு உன்மேல் குறையுண்டா என்பதையே எண்ணச் சொல்கின்றார். நியாயம் எவர் பக்கம் என்ற வினாவே அங்கில்லை. நாமோ மூன்று ஆண்டுகளாக அவ்வொரு வினாவையே விசாரித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது, தூரம். அவ்வார்த்தைகளைக் கேட்டவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடமோ எருசலேமில் இருந்தது. இடைவழி 100 கிலோமீற்றருக்கு மேல். கால்நடையாகச் சில நாட் பயணம். காணிக்கையை விட்டு ஊர் திரும்பி, ஒப்புரவாகி, மீண்டும் பீடத்தை அடைய எத்தனை நாள் செல்லும்! எமக்கோ ஒரு வேலியைக் கடப்பது மாத்திரமே வேண்டியிருந்தது.

இச்சுவிசேஷம் எம்மிடம் எளிதில் வந்து சேர்ந்ததன்று. 1658 முதல் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த ஒல்லாந்தக் குருவான பால்டேயஸ் இதனைத் தமிழில் மொழிபெயர்த்தார். 1715இல் சீகன்பால்கு புதிய ஏற்பாடு முழுவதையும் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்தார். பின்னர் பேர்சிவல் பாதிரியாரோடு சைவராகிய ஆறுமுக நாவலரும் சேர்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. வேற்று நாட்டாரும் வேற்றுச் சமயத்தாரும் அரும்பாடுபட்டு இதனை எம் மேசைவரை கொண்டுவந்து வைத்தனர். மேசையிலிருந்து வேலிவரை கொண்டுசெல்ல வேண்டியவர் நாமல்லவா? மனனஞ் செய்த வசனம் வேறு, வழிமறிக்கும் வசனம் வேறு என்பதை அன்றே அறிந்தோம்.

மாலையில் ஒழுங்கையால் சுற்றிச் சென்று தமையனாரின் படலையில் நின்றோம். சொல்வதற்கென ஆயத்தஞ் செய்தவை யாவும் மறந்துபோயின.

"என்ன தம்பி, வெளியிலே நிற்கிறாய்? உள்ளே வா" என்றார் அவர்.

தேநீர் வந்தது. எல்லை பற்றி ஒரு சொல்லும் எழவில்லை.

பிணக்கு அன்றோடு தீர்ந்தது என எழுதினால் உண்மையாகாது. அந்த ஒரு முழம் எவருடையது என்பதில் இன்றும் எமக்கு இரு கருத்துகள் உண்டு. ஆயினும் அவ்வாண்டு வேலி அடைக்கையில் பொட்டை அடையாது விட்டோம். இப்பொழுது யாழ்ப்பாணத்து வேலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மதில்களாகி வருகின்றன. மதிலில் பொட்டு விடுவது கடினம். எமது எல்லையில் மட்டும் கிடுகு வேலியே இருக்கட்டும் என்பதில், எல்லையைப் பற்றி ஒத்துப்போகாத நாம் இருவரும் ஒத்துப்போகின்றோம்.