தராசு இறங்கவில்லை என்றால் நடை வீணா?

மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றுவிட்டார் நம் நாங்குநேரி அண்ணாச்சி. வயது 46; எடை 92 கிலோ.

"பட்டினி கிடந்து 6 கிலோ குறைச்சேன் தம்பி. தீபாவளிக்குள்ள அத்தனையும் திரும்பி வந்துட்டு. இனி எதுக்கு இந்தப் பாடு?" என்றார்.

பலருடைய அனுபவமும் இதுதான். பட்டினி நிலைப்பதில்லை.

ஆனால், 2006-ல் வெளியான ஓர் ஆய்வை அவரிடம் சொன்னேன். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சென்னை டாக்டர் அ.ராமச்சந்திரன் குழுவினர் பிரிவு பிரிவாகக் கவனித்தனர். வழக்கம் போல் இருந்தவர்களில் 3 ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினசரி நடையும் அளவான சாப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இவர்களுக்கு எடை குறையவே இல்லை!

எடை குறைந்தால் நல்லதுதான். நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே ரத்த அழுத்தம் இறங்கும், முழங்காலுக்கும் சுகம். குறையவில்லை என்று நடையை விட்டுவிடுவதுதான் தப்பு. தராசைவிட டேப்பை நம்பலாம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள்.

அண்ணாச்சிக்கு 108.

இப்போது மாலையில் தாதர் வரை நடந்து போய்த்தான் வண்டி ஏறுகிறார். எடை 91.