டி-ஷர்ட் தையல் ஏன் அறுவதில்லை?

டி-ஷர்ட்டை இழுத்து மாட்டும்போது துணி விரிகிறது. தையல் மட்டும் ஏன் அறுவதில்லை? உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி நூல் வலைபோல் பின்னியிருக்கும். அதுதான் ஓவர்லாக் தையல்.

சாதாரண மெஷினில் மேல்நூலும் கீழிருந்து வரும் பாபின் நூலும் இறுகப் பூட்டிக்கொள்கின்றன. இழுத்தால் நீள வழியில்லை. ஓவர்லாக்கில் பாபினே கிடையாது. கத்தி விளிம்பைச் சீவிவிட, இரண்டு லூப்பர்கள் நூலை வளையங்களாகச் சுற்ற, ஊசிநூல் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் வளையங்கள் நெகிழ்ந்து கொடுக்கும்.

தைத்த விளிம்பு அலை அலையாக நெளிகிறதா? தைக்கும்போதே துணி இழுபட்டிருக்கிறது என்று பொருள். துணியை நகர்த்தும் பற்கள் ஓவர்லாக் மெஷினில் முன், பின் என இரண்டு வரிசை. இவ்விரு வரிசைகளும் துணியை நகர்த்தும் விகிதமான டிஃபரன்ஷியல் ஃபீடை 1-க்கு மேல் கூட்டினால் முன்வரிசை அதிகத் துணியைத் தள்ளும், நெளிவு குறையும். மெல்லிய துணி சுருங்கினால் 1-க்குக் கீழே இறக்குங்கள். எதையும் முதலில் வெட்டுத்துண்டில் தைத்துப் பாருங்கள்.