விஆர் ஹெட்செட்: வீட்டுக்கு வருமா, மாலோடு நிற்குமா?

விஆர் ஹெட்செட் என்பது கண்களை முழுவதுமாக மூடியபடி தலையில் மாட்டிக்கொள்ளும் கருவி. உள்ளே இருக்கும் லென்ஸ்கள் வழியாக ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படம் தெரியும்; மூளை இரண்டையும் சேர்த்து ஆழமுள்ள ஒரே காட்சியாக எடுத்துக்கொள்ளும். தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்பும். இந்தத் திருப்பம் 20 மில்லி விநாடிக்கு மேல் தாமதித்தாலே சிலருக்குக் குமட்டல் வந்துவிடுகிறது. உடலின் அசைவைப் பற்றிக் கண் சொல்வதும் காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு சொல்வதும் ஒத்துப்போகாததுதான் காரணம். வால்பாறை பஸ்ஸில் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே செல்போனைப் பார்த்து வந்தவர்களுக்கு இந்த முரண்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

2012-இல் பால்மர் லக்கி என்ற அமெரிக்க இளைஞர் பொதுமக்களிடம் இணையத்தில் பணம் திரட்டி ஆக்குலஸ் கருவியை உருவாக்கத் தொடங்கினார். 2014-இல் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) அந்த நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-இல் 599 டாலருக்கு வந்த ஆக்குலஸின் இடத்தில், 2024-இல் அதைவிட மேம்பட்ட குவெஸ்ட் 3எஸ் 300 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஆப்பிளின் விஷன் புரோ அதே 2024-இல் 3,499 டாலர் விலையோடு அமெரிக்காவில் அறிமுகமானது. அன்றைய மதிப்பில் சுமார் 2.9 லட்சம் ரூபாய். இரண்டு பைக் எடுத்துவிட்டு மீதியும் கையில் வைத்துக்கொள்ளலாம். அத்தனை பணம் கொடுத்தாலும் பேட்டரி சுமார் இரண்டு மணி நேரம்தான். எடையோ 600 கிராமுக்கு மேல்.

விலை குறைந்தால் விற்றுவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. செல்போனைச் செருகிப் பார்க்கும் கூகுள் கார்ட்போர்ட் 2014-இல் வந்தது. பெயருக்கேற்ப வெறும் அட்டைதான். 2021-இல் கூகுள் அதன் விற்பனையை நிறுத்தியது. ஐபிஎல் பார்ப்பதற்கென்று ஜியோ 2023-இல் 1,299 ரூபாய்க்கு ஜியோடைவ் கொண்டுவந்தது. அதை மாட்டியவருக்கு மைதானம் தெரியும். ஆனால் விக்கெட் விழும்போது பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. கிரிக்கெட்டைக் கூட்டமாக உட்கார்ந்து கத்திக்கொண்டே பார்க்கும் வீட்டில் இது சின்னக் குறை அல்ல. கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டி டிவியையும் 2017-க்குள் பெரிய கம்பெனிகள் கைவிட்டன.

விலை மிகுந்த காட்சிக் கருவி சாமானியரிடம் எப்படிச் சேரும் என்பதற்குக் கோயம்புத்தூரிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. இவ்வூரில் பிறந்து திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். விலை 2,250 ரூபாய். அவர் சம்பளம் மாதம் 25 ரூபாய். ஏழரை வருடச் சம்பளம்! கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டினார். வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கருவியை ஜனங்கள் யாரும் வாங்கவில்லை, டிக்கெட்தான் வாங்கினார்கள்.

இன்று மால்களில் விஆர் விளையாட்டுக்குக் காசு வாங்குவதும் அதே வழிதான். ஆனால் வின்சென்டின் கருவி ஒரே நேரத்தில் ஒரு கூடாரத்துக்கே படம் காட்டியது. ஹெட்செட் ஒரு முகத்துக்குத்தான். ஒருவர் கழற்றியதும் வியர்வையைத் துடைத்து, பட்டையைச் சரிசெய்து அடுத்தவருக்கு மாட்ட வேண்டும். கல்லாவில் சேரும் பணத்துக்கு அங்கேயே வரம்பு விழுந்துவிடுகிறது.

பயிற்சிக்கூடங்களில் கணக்கு வேறு. வெல்டிங் கற்பவர் கம்பியையும் இரும்பையும் வீணாக்காமல், தீக்காயம் படாமல் கை பழகலாம். சென்னையின் ஸ்கில்வெரி நிறுவனம் இதற்கான பயிற்சிக் கருவிகளைச் செய்கிறது. பம்பும் வார்ப்படமும் உற்பத்தியாகும் கொங்கு வட்டாரத்துக்கு ஏற்ற உபயோகம் இது. ஒரு கருவியில் வருடம் முழுக்கப் பலர் பழகுவதால் விலையும் உறுத்தாது.

ஹெட்செட் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் தினமும் செய்தாக வேண்டிய ஒரு வேலை அதற்கு வேண்டும். 1955-இல் பி. சபாபதி கோயம்புத்தூரில் உருவாக்கிய வெட் கிரைண்டருக்கு அப்படி ஒரு வேலை காத்திருந்தது: இட்லி மாவு. ஹெட்செட்டுக்கு இன்னும் அது கிடைக்கவில்லை. விஆர் உள்ளிட்ட கருவிகளைச் செய்யும் மெட்டாவின் பிரிவு 2024-இல் மட்டும் 1,770 கோடி டாலர் நஷ்டம் காட்டியதே இதற்குச் சான்று. விளையாட்டுப் பிரியர்கள் வாங்குவார்கள். லட்சக்கணக்கில் விலை சொல்லும் வகை, செல்போனைப் போல வீட்டுக்கு வீடு வருவதற்கு இப்போதைக்கு வாய்ப்பில்லை. வாங்கியே தீர வேண்டும் என்பவர் முதலில் ஒரு மாலில் காசு கொடுத்து மாட்டிப் பார்த்து, தலை சுற்றுகிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது.