விரல் ரேகையில் தெரியுமா பிள்ளையின் புத்தி?

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு நூல் மூட்டை வந்து இறங்கினால், மில்காரர் '30-ம் நம்பர்' என்று சொல்லிவிட்டார் என்பதற்காக அதை அப்படியே மெஷினில் ஏற்றிவிட மாட்டார்கள். 120 கெஜம் நூலை அளந்து சுற்றி எடை போட்டால் நம்பர் தெரிந்துவிடும். இழுத்துப் பார்த்தால் பலம் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் சாம்பிளைப் பரிசோதிக்க கோவையிலேயே 'சிட்ரா' இருக்கிறது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான அது 1956-ல் தொடங்கப்பட்டது.

நூலுக்கு இவ்வளவு பார்க்கிற கொங்கு மண்ணில், பெற்ற பிள்ளையைச் சோதிக்கும்போது மட்டும் பலர் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. "பத்து விரலையும் ஸ்கேனரில் வைத்தால் போதும். உங்கள் பிள்ளை எந்த குரூப் எடுக்கலாம், டாக்டரா, இன்ஜினீயரா, விளையாட்டு வீரரா என்று சொல்லிவிடுவோம்" என்கிறது விளம்பரம். இதற்குப் பெயர் 'டி.எம்.ஐ.டி.' சில ஆயிரம் ரூபாய் கட்டினால் வண்ண வண்ணமாக ஒரு புத்தகமே கையில் தருவார்கள். எந்தக் கையெழுத்தும் போடத் தெரியாத மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட அதில் எதிர்காலம் அச்சாகியிருக்கும்.

இதை நம்பலாமா?

ரேகை என்ன சொல்கிறது?

விரல் ரேகைகள் கருவிலேயே உருவாகின்றன என்பது உண்மை. டவுன் சிண்ட்ரோம் போன்ற சில மரபணுக் குறைபாடுகளில் கை ரேகை அமைப்பு மாறியிருக்கும் என்பதும் உண்மை. ஆனால், இவற்றை வைத்து 'இந்தக் குழந்தைக்குக் கணக்கு வரும், இந்தக் குழந்தைக்கு இசை வரும்' என்று சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. இந்த முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே தெளிவுபடுத்தியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சந்தேகத்தை நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் தீர்த்து வைத்துவிட்டார். விரல் ரேகை ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன்தான் அவர். 1892-ல் வெளியான தன் புத்தகத்துக்காக அவர் கலை மாணவர்கள், அறிவியல் மாணவர்கள், பண்ணைக் கூலிகள், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று பலருடைய ரேகைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ரேகையில் குணமும் புத்தியும் தெரியும் என்ற எதிர்பார்ப்பு அவருக்கும் இருந்தது. ஆனால், எந்த வித்தியாசமும் அகப்படவில்லை. அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

இந்த ரிப்போர்ட்களில் 'பன்முக நுண்ணறிவு' என்ற வார்த்தை தவறாமல் வரும். 1983-ல் அந்தக் கருத்தை முன்வைத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஹோவர்டு கார்ட்னர். அவர் அதை எவருடைய விரலையும் பார்த்துச் சொல்லவில்லை.

'அப்படியே எங்க பையனேதானுங்க!'

"ஏனுங்க, அதுல போட்டிருக்கறது அத்தனையும் எங்க பையனுக்குப் பொருந்துதுங்களே?" என்று கேட்கலாம். பொருந்தத்தான் செய்யும்.

1948-ல் அமெரிக்காவின் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவரிடமும் 'உன்னைப் பற்றிய முடிவு' என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி மார்க் 4.26. பிறகுதான் ரகசியத்தை உடைத்தார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! வாக்கியங்களை அவர் எடுத்ததோ கடையில் விற்ற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து.

'பாசமானவன், ஆனால் சட்டென்று கோபம் வரும்', 'திறமை இருக்கிறது, முழுதாகப் பயன்படுத்தவில்லை'. இந்த வரிகள் எந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் பொருந்தாது? வாசலில் நின்று சொல்லும் குடுகுடுப்பைக்காரர் இதைவிடக் குறைவான காசுக்குச் சொல்வார்.

நல்ல சோதனைக்கு மூன்று லட்சணம்

முதலாவது, நம்பகத்தன்மை. ஒரே நூலை இன்று சோதித்தால் 30, நாளை சோதித்தால் 40 என்று வந்தால் கோளாறு தராசில்தான். உளவியல் சோதனையும் அப்படித்தான். சில வாரங்கள் இடைவெளி விட்டுச் செய்தாலும், வேறொரு நிபுணர் செய்தாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும்.

இரண்டாவது, ஏற்புடைமை. எதை அளப்பதாகச் சொல்கிறதோ, அதையே அளக்க வேண்டும். நூலின் எடையை எத்தனை துல்லியமாகப் போட்டாலும், சாயம் போகுமா என்பது அதில் தெரியாது. ரேகை சோதனையின் சூட்சுமம் இங்கேதான். ரேகை மாறாது என்பதால் ரிப்போர்ட்டும் மாறாது. 'எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே முடிவு' என்று பெருமையாகச் சொல்வார்கள். முதல் லட்சணம் இருக்கிறது, இரண்டாவது இல்லை.

மூன்றாவது, ஒப்பீட்டு அளவுகோல். ஒரு குழந்தை 24 கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னது என்றால், அது அதிகமா, குறைவா? அதே வயதுள்ள, அதே மாதிரிச் சூழலில் வளரும் ஏராளமான குழந்தைகளைச் சோதித்து வைத்திருந்தால்தான் சொல்ல முடியும்.

பாரிஸிலிருந்து தார்வாடு வரை

இன்றைய அறிவுத்திறன் சோதனைகளுக்கு விதை போட்டவர் பிரான்ஸின் ஆல்ஃபிரட் பினே. 1905-ல் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 30 கேள்விகளும் பயிற்சிகளும் கொண்ட சோதனையை உருவாக்கினார். எந்தக் குழந்தைக்குப் பள்ளியில் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய நோக்கம். புத்தி என்பது பிறப்போடு நின்றுவிடும் அளவு அல்ல, பயிற்சியால் வளரக்கூடியது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பாரிஸ் குழந்தைக்கான கேள்வியை அப்படியே நம் ஊர்க் குழந்தையிடம் கேட்க முடியாது. அதனால் 1930-களில் தார்வாடில் வி.வி.காமத், கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்றபடி அந்தச் சோதனையை மாற்றி அமைத்தார். 1955-ல் சி.எம்.பாட்டியா, உத்தரப் பிரதேசத்தில் 11 முதல் 16 வயது வரையிலான சிறுவர்களை வைத்து ஒரு சோதனையை உருவாக்கினார். வண்ணக் கட்டைகளை அடுக்குவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது போன்ற செயல்களே அதில் பிரதானம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் சோதிக்க முடியும்.

ஆனால், 1930-களில் தார்வாடில் எடுத்த அளவுகோல் இன்று பல்லடத்திலும் பொள்ளாச்சியிலும் படிக்கும் பிள்ளைக்குப் பொருந்துமா? காலம் மாற மாற குழந்தைகளின் சராசரி மதிப்பெண் கூடிக்கொண்டே வருவதைப் பல நாடுகளின் கணக்கை வைத்துக் காட்டினார் நியூசிலாந்தின் ஜேம்ஸ் ஃபிளின். பழைய அளவுகோலில் அளந்தால் பிள்ளை உண்மையில் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். நல்ல சோதனையைக்கூட அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியது இதனால்தான்.

எண் என்பது தலையெழுத்து அல்ல

ஐ.க்யூ. சோதனையில் சராசரி 100. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்கள் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு 88 என்று வந்தால், அது கல்லில் செதுக்கிய 88 அல்ல. சில புள்ளிகள் முன்னே பின்னே இருக்கலாம். அன்றைக்குக் காய்ச்சல், முந்தின ராத்திரி தூக்கமில்லை, புரியாத மொழியில் கேள்வி, அறிமுகமில்லாத ஆளைக் கண்ட பயம், எதுவும் மதிப்பெண்ணைக் குறைக்கும். அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று முடிவு செய்ய ஐ.க்யூ. மட்டும் போதாது. தானே சாப்பிடுவது, உடுத்துவது, மற்றவர்களோடு பழகுவது போன்ற அன்றாடத் திறன்களையும் பார்த்தாக வேண்டும்.

தவறினால் என்ன நஷ்டம்?

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். வாய் ஓயாமல் பேசுகிறான், கதை சொல்கிறான். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கூட்டக்கூடத் தடுமாறுகிறான். வீட்டில் 'சோம்பேறி', வகுப்பில் 'மக்கு'. ரேகை ரிப்போர்ட், 'இவன் செயல்வழியில் கற்பவன், விளையாட்டில் சேருங்கள்' என்கிறது. பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அடுத்த மூன்று வருடங்கள் போய்விடுகின்றன. வாசிப்பு அப்படியே நிற்கிறது.

முறையான பரிசோதனை வேறு மாதிரி நடக்கும். முதலில் கண், காது பார்ப்பார்கள். ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் விசாரிப்பார்கள். பிறகு அறிவுத்திறன் சோதனை, அதன் பின் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள். புத்தி சரியாக இருந்து வாசிப்பு மட்டும் இடறினால், அது டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். அதைவிட முக்கியம், சிறப்புப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கலாம்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

* இந்தச் சோதனையின் பெயர் என்ன? எதை அளக்கிறது?
* இந்தியக் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டதா? எந்த வருடம்?
* பிள்ளைக்குப் புரிகிற மொழியில் நடத்துவீர்களா?
* நடத்துபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா? பதிவு எண் என்ன?
* பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவீர்களா? முடிவை எங்களுக்கு விளக்கிச் சொல்வீர்களா?

பதில் வராத இடத்தில் பர்ஸைத் திறக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும் விசாரிக்கலாம். செல்போனில் ஐந்து நிமிடத்தில் முடியும் 'ஐ.க்யூ. டெஸ்ட்'களைப் பொழுதுபோக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நூலில் பிசகு வந்தால் துணியைத் தள்ளுபடி விலையில் விற்றுவிடலாம். மூன்றாம் வகுப்பு மறுபடி வராது. உங்கள் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று தெரிய, இன்று ராத்திரி பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். திட்டாமல், இடையில் திருத்தாமல், கடைசி வரி வரை காது கொடுத்துக் கேளுங்கள். எதையாவது சோதிக்க வேண்டுமா என்பது அங்கிருந்துதான் தெரிய ஆரம்பிக்கும்.